தொப்பி கழற்றும் இடம்

— அங்கே வேண்டாம்ணே. வாசல் கம்பத்துல கேமராவை வெச்சா படத்துல தொப்பிதான் விழும், முகம் விழாது.

— ஏன் விழாது? எல்லாப் பயலும் அந்த வாசல்லதானே வரான், போறான்? கேளு தங்கச்சி, மேல இருந்து பார்த்தா முழு மரப் பட்டறையும் தெரியும்.

— பட்டறை தெரியும், ஆள் தெரியாது. இந்த வெயில்ல மூங்கில் தொப்பி இல்லாத தலை ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். மேல இருந்து எடுத்தா காளான் முளைச்ச மாதிரி இருக்கும். உங்க ஆபீசர் கையில அந்தப் படத்தைக் கொடுத்து, இதுல எந்தக் காளான் பலகை திருடிச்சுன்னு சொல்லப் போறீங்க?

— சிரிக்காதே ரோஸ்.

— சிரிக்கலைண்ணே, யோசிக்கிறேன். யோசிக்கும்போது எனக்கு வாய் இப்படித்தான் ஓடும். சித்தப்பா மகளைச் சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறீங்க, தெரியாதா?

— ஆபீசர் வெள்ளிக்கிழமை வரேன்னிருக்காரு. திருடன் முகத்தைக் காட்டு, இல்லேன்னா மேஸ்திரி ஞானமுத்துதான் திருடன்னு எழுதிட்டுப் போறேன்னாரு. எழுதிட்டா வேலை போச்சு. வேலை போனா, இங்க தங்குறதுக்குக் கொடுத்த அந்நியர் அட்டையைப் புதுப்பிக்க மாட்டாங்க. அட்டை போனா கப்பல்தான். சேசுவே! இந்த பர்மாவுல, இந்த இன்சீன்லயே பொறந்தவன் நான். மெட்ராஸ்ல இறங்கி எந்தத் தெருவுல போய் நிப்பேன்?

— அண்ணி?

— மா சான் பர்மாக்காரி, அவ எப்படி வருவா? அவங்கம்மா மாவ்பியில படுத்த படுக்கையாக் கிடக்கு. பெத்தவளை விட்டுட்டு வாடின்னு எந்த வாயால சொல்லுவேன்? நான் கப்பல்ல, அவ கரையில. அவ்வளவுதான்.

— கப்பல் ஏறுறதை நான் பார்த்திருக்கேண்ணே. எங்க வீட்டுக்காரர் கையைக் காட்டினாரு. முதல்ல முகம் தெரிஞ்சுது, அப்புறம் சட்டை தெரிஞ்சுது, அப்புறம் வெள்ளையா ஏதோ ஒண்ணு. கடைசியில எது அவர் கை, எது பறக்கிற பறவைன்னு தெரியலை. முதல்ல நான் போறேன், அப்புறம் உன்னைக் கூப்பிடுறேன்னு சொன்ன மனுஷன். பொறுங்க, உங்களை அதுல ஏத்த விடமாட்டேன். திருட்டு மத்தியானம்தான் நடக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?

— ராத்திரி பட்டாளத்துக்காரன் காவல், கொசுகூட நுழையாது. காலையில பார்த்தா எல்லாம் இருக்கும். மத்தியானம் ரம்பம் நின்னதும் எல்லாரும் கொட்டகைக்குச் சாப்பிடப் போவாங்க. சாப்பிட்டதும் அங்கங்கே சாய்ஞ்சிடுவாங்க. நானுந்தான், பொய் சொல்லக்கூடாது. முழிச்சுப் பார்த்தா ஒரு கதவு இருக்காது, ஒரு சட்டம் இருக்காது.

— வெளிய எப்படிப் போகுது?

— மரத்தூள் அள்ள மாவ்பியிலேர்ந்து மாட்டுவண்டி வருது. தூளுக்கு அடியில எது போனாலும் யாருக்குத் தெரியும்? வண்டிக்காரனைக் கேட்டா, யாரோ ஏத்துறான், யாரோ இறக்குறான், நான் மாட்டைத்தான் பார்க்கிறேங்கிறான்.

— இதுவரைக்கும் என்னென்ன போச்சு?

— அதுதான் வேடிக்கை. நல்ல தேக்கை ஒருத்தனும் தொடலை. ஆபீசர் முத்திரை குத்தின முதல்தரப் பலகை பக்கத்துலயே கிடக்கு. அதைத் தாண்டிப் போய்க் கழிவை எடுத்திருக்கான். வளைஞ்ச கதவு, வெடிச்ச ஜன்னல் சட்டம், பூச்சி அரிச்ச வாசக்கால். பழைய முதலாளி காலத்துல கழிவு எல்லாம் வேலைக்காரனுக்குத்தான், ஏன்னு கேக்க மாட்டாங்க. இப்ப பட்டறை சர்க்காருக்குப் போயிடுச்சு. பூச்சி அரிச்சாலும் சர்க்கார் சொத்து.

— கதவு, ஜன்னல், வாசக்கால். அண்ணே, அவன் வீடு கட்டுறான்.

— யாரு?

— திருடன்தான். எங்கேயோ ஒரு வீடு வளருது. கதவு கோணல், ஜன்னல் கோணல். எவ்வளவு சாத்தினாலும் சந்துல வெயில் வரும். உள்ள ஒருத்தி உட்கார்ந்து, வெயில் எங்கெல்லாம் விழுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பா. வேலை ஒண்ணும் செய்ய மாட்டா. எனக்கு அந்த வீட்டுக்குப் போகணும் போல இருக்கு.

— போதும் கனவு கண்டது! கேமராவை எங்க வெக்கிறது, அதைச் சொல்லு.

— கனவு காணாம இடம் தெரியாதுண்ணே. இப்ப நான்தான் திருடன், சரியா? ரம்பம் நின்னுபோச்சு. காதுக்குள்ள மட்டும் இன்னும் ஓடுது. மரத்தூள் காத்துலயே நிக்குது, கீழ இறங்க மனசில்லாம. ஊரைச் சுத்துற வட்டப்பாதை ரயில் எங்கேயோ கூவிட்டுப் போகுது. எல்லாரும் தூங்குறாங்க. நான் தொப்பியை நல்லா இழுத்து விட்டுக்கிட்டு மெதுவா நடக்கிறேன். கழிவு எங்க குவிஞ்சிருக்கு? அந்த ஆலமரத்துக்குப் பின்னாடி. சரி, ஆலமரத்துகிட்ட வரேன். அண்ணே, அந்த மரத்துல என்ன, மாடம் மாதிரி?

— அது பர்மாக்காரங்க நாட்சாமி. பட்டறைக்குக் காவல். ரம்பத்துல யாருக்கும் கை போகக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க.

— அதைத் தாண்டும்போது என்ன செய்வாங்க?

— என்ன செய்வாங்க, தொப்பியைக் கழட்டிட்டு ஒரு கும்பிடு... ரோஸ்!

— கத்தாதீங்க. எல்லாருமா கழட்டுவாங்க?

— எல்லாரும். தங்கவேலு கழட்டுவான். காஜா மைதீன் கும்பிட மாட்டான், ஆனா தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் தாண்டுவான். ரம்பத்தோட பொழைக்கிறவன் அந்த மரியாதையில விளையாட மாட்டான்.

— நீங்க?

— நான் கத்தோலிக்கன். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

— தொப்பி?

— தொப்பியைக் கழட்டுவேன். வேர்க்குதுல்ல?

— வேர்க்கும், வேர்க்கும். இடம் கிடைச்சாச்சுண்ணே. திருடப் போறவன் மத்தவங்களைவிட நல்லாவே கும்பிடுவான். தொப்பி இல்லாம, தலையை நிமிர்த்தி, உச்சி வெயில் முகத்துல. கேமராவை மாடத்துக்குள்ள வெச்சா போதும்.

— சாமி மாடத்துலயா? மாதாவே! நாளைக்கு ரம்பத்துல என் கை போனா?

— கையா கப்பலான்னு யோசிச்சுக்குங்க.

— வை. மாடத்துலயே வை. எதை வெப்பே? உங்கப்பாவோட அந்த ஸ்டாண்டு கேமராவுல முகம் அச்சா விழுமே.

— அதை உள்ள வெச்சா சாமி வெளிய வந்து நிக்கணும். இந்த மடக்குக் கேமரா நல்லதுதான், ஆனா தூரம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, பக்கத்துலயே ஒரு ஆள் இருந்து தாஜா பண்ணணும். இந்தப் பெட்டிக் கேமராதான் சரி. இதுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். வெயில் இருந்தா போதும், இந்த விசை அசைஞ்சா போதும். விசையில கறுப்பு நூலைக் கட்டி, மரத்தோட கீழ இறக்கி, கணுக்கால் உயரத்துக்கு வழியை மறிச்சு இழுத்துக் கட்டுவேன். கும்பிட வரவன் காலே அவனைப் படம் எடுக்கும்.

— எத்தனை தடவை எடுக்கும்?

— ஒரே தடவை. கடையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டதுலேர்ந்து ஃபிலிம் ஏது? அலமாரி மூலையில அப்பா காலத்துச் சுருள் ஒண்ணு கிடந்துச்சு. அதுதான்.

— ஷ்! மூடு, மூடு, துணியைப் போட்டு மூடு. மா சான் சோத்தைத் தூக்கிட்டு வரா. ஆபீசர் சொன்னது, கப்பல், கேமரா, எதையும் அவகிட்ட நான் மூச்சு விடலை.

— பெண்டாட்டிகிட்டயுமா?

— அவ தாங்க மாட்டா. நீயும் உளறி வைக்காதே.

— அமலே, அம்மாடி! ரோஸ் வந்தாச்சா? எவ்ளோ நாள் ஆச்சு! எதுக்கு இத்தனை பொட்டி?

— அண்ணனோட அட்டைக்குப் புதுப் படம் வேணுமாம் அண்ணி. பழசுல மீசை பெரிசா இருக்குதாம்.

— மீசை போச்சு, தொப்பை வந்தாச்சு. வேற ஆள் ஆயாச்சு. கோ ஞானம், உட்காரு. புளிச்சக்கீரை இருக்கு, நாப்பி மீன் விழுது இருக்கு, மீன் இருக்கு. சூடு போச்சுன்னா என்னைத் திட்டக்கூடாது.

— நீங்களும் உட்காருங்க அண்ணி. என்ன, கூடையில பூ வாசம் ஆளைத் தூக்குது?

— பூ அது சும்மா. நான் அப்புறம் சாப்பிடும். முதல்ல இவர் சாப்பிடணும். சாப்பிட்டா தூங்கும். தூங்கினா பேசும். ரோஸுக்குத் தெரியுமா, இவர் தூக்கத்துல பேசும்?

— வேலையைப் பாரு மா சான்.

— என்ன பேசுவாரு அண்ணி?

— கப்பல், கப்பல், அப்படிச் சொல்லும். வெள்ளிக்கிழமை, திருடன் முகம், அப்படிச் சொல்லும். அப்புறம் நான் எறங்க மாட்டேன், எறங்க மாட்டேன். நான் காதுகிட்ட போய்ச் சொல்றேன், கோ ஞானம், இங்க தண்ணி இல்லை, கப்பல் இல்லை, மரத்தூள்தான் இருக்கு, எறங்க வேணாம், தூங்கு. அப்ப சிரிக்கும். தூங்கிட்டே சிரிக்கும்.

— போதும் மானத்தை வாங்கினது. அந்தச் சட்டியை இங்கே தள்ளு.

*

— இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு ரோஸ். பெட்டியோட மூஞ்சி வெளிய தெரியுது.

— தெரியாது. நேத்துப் பூவை முன்னாடி தொங்க விடுறேன், நடுவுல லென்ஸுக்கு மட்டும் சந்து. நாட்சாமி, மன்னிச்சுக்குங்க. தின்கன்ஜூன்ல ஸ்டூடியோ வெச்சிருக்கிற ரோஸ் நான். உங்க இடத்துல ஒரு பொட்டியை வெக்கிறேன். ஒரு மனுஷனைக் கரையிலயே நிறுத்தணும், வேற கெட்ட எண்ணம் கிடையாது.

— நீ பர்மாக்காரங்க சாமிகிட்டப் பேசுறதை உங்கப்பா கேட்டிருந்தா!

— எங்கப்பா இருந்தா வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டிருப்பாரு. சாமியைப் பத்திக் கேட்டிருக்க மாட்டாரு. யாருண்ணே தினம் இங்க பூ வெக்கிறது?

— யாரோ வெக்கிறாங்க. காலையில வாடிக் கிடக்கும், சாயங்காலம் பார்த்தா புதுசா இருக்கும். நான்தான் அந்தப் பக்கம் பார்க்கிறதே இல்லையே.

— இந்த நூலைப் பாருங்க. ரம்பம் நின்னு எல்லாரும் கொட்டகைக்குப் போனதும், இந்த வேர்ல ஒரு சுத்து சுத்திக் கட்டிடுங்க. அப்புறம் வழக்கம்போலச் சாப்பிடுங்க, வழக்கம்போலத் தூங்குங்க. நீங்க முழிச்சிருந்தா திருடனுக்குச் சந்தேகம் வந்துடும்.

— எப்படித் தூக்கம் வரும்?

— அண்ணி சாப்பாடு போட்டா வராமலா போகும்?

*

— கதவைச் சாத்திட்டீங்களா? திரையையும் இழுத்து விடுங்கண்ணே. தெருவுல போற பஸ்ஸெல்லாம் என் இருட்டறைக்குள்ள எட்டிப் பார்க்கும்.

— இது என்ன, ரத்தமாட்டம் ஒரு விளக்கு?

— இந்தப் பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நாம இங்க நிக்கிறதே அதுக்குத் தெரியாது. நூல் எப்படி இருந்துச்சு?

— முழிச்சதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். அவிழ்ந்து தரையில கிடந்துச்சு. ஆனா இன்னிக்கு ஒரு சாமானும் போகலை. விசைச் சத்தம் கேட்டுப் போட்டுட்டு ஓடியிருப்பான் போல. முகம் விழுந்திருக்குமா? நாளைக்கு வெள்ளிக்கிழமை.

— பொறுங்க. தட்டை மெதுவா ஆட்டணும், தொட்டில் ஆட்டுற மாதிரி. முதல்ல வெயில் வரும், கறுப்பா. அப்புறம் மரம் வரும். முகம் எப்பவும் கடைசியிலதான் வரும்.

— அசையுது! உள்ள ஏதோ அசையுது!

— அசையறது தண்ணிண்ணே. பாருங்க, ஆள் வருது.

— வருது. கையில பலகை. சேசுவே, பொம்பளை! யாரு இந்தக் கிழவி? தலை பூரா நரை. எங்க பட்டறைப் பக்கம் இப்படி ஒரு கிழவியைப் பார்த்ததே இல்லையே. எவ்வளவு லட்சணமா இருக்கா! இவளா திருடுறா? ரோஸ், நீயும் பாரு.

— அண்ணே, இது நெகட்டிவ். இதுல கறுப்பு வெள்ளையாயிடும், வெள்ளை கறுப்பாயிடும்.

— அப்ப நரை இல்லையா?

— இல்லை. நல்ல கறுப்பு முடி.

— கன்னத்துல ரெண்டு பக்கமும் கறுப்பா வட்டம் இருக்கே?

— சந்தனம் மாதிரி தனக்கா பூசியிருக்காங்க, அதுதான் கறுப்பாத் தெரியுது. உட்காருங்கண்ணே, அந்த ஸ்டூல் உங்களுக்குப் பின்னாடியே இருக்கு.

— மா சான்.

— ஆமாண்ணே.

— வயசானா இப்படித்தான் இருப்பாளா? நான் பார்த்திருக்கவே மாட்டேனே.

— தண்ணி குடிங்க.

— தண்ணி வேண்டாம். எனக்குச் சோத்தைப் போட்டு, காதுகிட்ட தூங்கு தூங்குன்னு சொல்லிட்டு! மாவ்பியில அவங்கம்மா வீட்டுக்குப் பின்னாடி நிலம் சும்மா கிடக்கு. தூள் அள்ளுற வண்டியும் மாவ்பி வண்டி. பாவி, நான் ஒரு மடையன், எல்லாம் கண்ணு முன்னாடிதான் இருந்திருக்கு. நீ சொன்னியே கோணல் வீடு, அது அங்கதான் நிக்குது. நான் கப்பல் ஏறினதும் இவ போய் அதுல உட்காருவா, வெயில் எங்க விழுதுன்னு பார்த்துக்கிட்டு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்படிச் சொல்றது?

— இதைக் கேளுங்க, நேரமில்லை. இந்தத் தட்டுலேர்ந்து எடுத்து அந்த ஹைப்போ மருந்துல போட்டா படம் நிலைச்சுடும். போடாம இப்பவே வெள்ளை விளக்கைத் தட்டினா முழுக்கக் கறுத்துப்போகும். நீங்களும் எதையும் பார்க்கலை, நானும் பார்க்கலை. நீங்கதான் சொல்லணும்.

— இந்தப் படத்தைக் கொடுத்தா அவளை ஜெயில்ல போடுவாங்களா?

— போடுவாங்க.

— கொடுக்கலேன்னா நான் கப்பல்ல போவேன்.

— ஆமா.

— மருந்துல போடு.

— அண்ணே!

— போடு ரோஸ். இந்த ஊரை விட்டா எனக்கு ஊர் கிடையாது. செஞ்சவ அனுபவிக்கட்டும். நான் ஒண்ணும் அழலை, இந்த மருந்து நாத்தம் கண்ணை எரிக்குது. போடுன்னு சொல்றேன்ல?

— போட்டாச்சு.

*

— ஜன்னலைத் திற.

— இனிமே திறக்கலாம், வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. ஈரத்தோட தொடாதீங்க, நான் பிடிச்சுக்கிறேன். அந்தப் பூதக்கண்ணாடியை எடுங்க. அண்ணே, இந்தப் பலகையில வட்டமா என்ன?

— எங்கே? ஆபீசர் முத்திரை. முதல்தரப் பலகை.

— உங்க திருடன் கழிவைத்தானே எடுப்பான்?

— இதைத் தொடவே மாட்டான். இவ ஏன் இதைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா? கழிவுதான் திருட்டுப்போகுதுன்னு மா சானுக்கு... அவளுக்கு நான் எதையுமே சொல்லலையே.

— மாடத்து முன்னாடி நான் தொங்கவிட்ட பூவைப் படத்துல காணோம். லென்ஸுக்கு முன்னாடி ஒரு இதழ்கூட இல்லை. யாரோ பழைய பூவை எடுத்துட்டுப் புதுப் பூ வெக்க வந்திருக்காங்க. வந்தப்ப கேமராவைப் பார்த்திருக்காங்க.

— கூடையில தினம் பூ கொண்டு வருவா. அவங்கம்மாவுக்குன்னு நினைச்சேன். நான் திட்டுவேன்னு எனக்குத் தெரியாம வெச்சிருக்கா, நான் தூங்குற நேரமாப் பார்த்து.

— இன்னும் பாருங்க. பலகை இடது கையில. வலது கையில, விரலைச் சுத்தி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு ஓடுது.

— நூலா?

— நூல்தான். கறுப்பு நூல் இதுல வெள்ளையாத் தெரியுது. கால் தட்டலைண்ணே. அவங்களே எடுத்து, விரல்ல சுத்தி, லென்ஸை நேராப் பார்த்து, மூச்சை அடக்கிக்கிட்டு இழுத்திருக்காங்க. திடுக்கிட்ட முகத்தை நான் நிறைய எடுத்திருக்கேன், இது அது இல்லை. அண்ணி திருடவே இல்லை. உங்களுக்கு ஒரு திருடன் வேணும்னு தெரிஞ்சு வந்து நின்னிருக்காங்க.

— எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமையைப் பத்தி நான் மூச்சு விடலையே!

— முழிச்சிருக்கும்போது விடலை.

— சேசுவே. நான் மருந்துல போடுன்னு சொன்னேனே. என் வாயாலயே சொன்னேனே ரோஸ்.

— அதை யாரும் கேக்கலைண்ணே.

— நீ கேட்டே.

— ஃபிலிம் இது ஒண்ணுதான். நாளைக்கு ஆபீசர் வந்து நின்னு, முகத்தைக் காட்டுன்னா என்ன செய்வீங்க?

— படம் விழலைன்னு சொல்லுவேன். நீ ஒரு காரியம் பண்ணு. பலகையை விட்டுடு, நூலை விட்டுடு. அவ முகத்தை மட்டும் பிரிண்ட் போடு, சட்டைப் பையில அடங்குற அளவுக்கு. கப்பல்ல எடுத்துட்டுப் போறதுக்கு.